படம், மடம், பட்டம்

சுற்றுச்சுவரில் படர்ந்திருந்த கோவைக்கொடியைப் போன வாரம் பிடுங்கிப் போட்டேன். மழைக்குப் பிறகு அது தென்னம்பிள்ளை வரைக்கும் ஏறியிருந்தது. கை நிறைய இலையைச் சுருட்டி இழுத்ததும் உள்ளங்கையில் பச்சைச் சாறு இறங்கியது. கூடவே அந்த வாசனையும் வந்தது. அது வந்தால் எனக்கு ஒன்றாம் வகுப்பும் வந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சாத்தூர் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஈராசிரியர் பள்ளி. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் எடுத்துக்கொண்டார். ஒன்றும் இரண்டும் எனக்கு வந்தன. பிள்ளைகள் மஞ்சள் பையில் சிலேட்டைக் கொண்டு வருவார்கள். 1982இல் சத்துணவு வந்த பிறகு அதே பையில் ஒரு தட்டும் சேர்ந்துகொண்டது. நடந்து வரும்போது தட்டும் சிலேட்டும் மோதிக்கொள்ளும். சத்தத்தை வைத்தே யார் கல் சிலேட்டுக்காரர், யார் தகரச் சிலேட்டுக்காரர் என்று சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல் சிலேட்டுக் கழுவும் நேரம். வேலியில் கோவை இலை பறித்து, அடுப்புக்கரியோடு சேர்த்து நசுக்கி, சிலேட்டில் தேய்த்து வெயிலில் காய வைப்பார்கள். காய்ந்ததும் புதுச் சிலேட்டின் கருப்பு திரும்பிவிடும். பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு ஊமத்தை இலையும் கரியும். அதைப் பெரிய பிள்ளைகள் அரைப்பார்கள். கையைக் கழுவாமல் எதையும் தொடக்கூடாது என்று தலைமையாசிரியர் பக்கத்திலேயே நிற்பார்.

அப்போதெல்லாம் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது அபூர்வம். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். எட்டினால் ஐந்து வயது ஆயிற்று என்று கணக்கு. எட்டாத பிள்ளையின் அம்மா கழுத்தை லேசாகச் சாய்த்துவிட்டு, “தொட்ருச்சு டீச்சர், பாருங்க” என்பார். அண்ணனோ அக்காவோ படிக்கும் வீட்டிலிருந்து எட்டாத பிள்ளைகளும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர்கள் கையிலும் ஒரு துண்டு பலப்பம் கொடுத்துவிடுவேன். பாதி எழுத்துக்குப் போகும், பாதி வாய்க்குள் போகும். பலப்பம் தின்னாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

விஜயதசமியன்று தட்டில் அரிசி பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இரண்டொரு வீட்டில்தான் இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்து மணல்தான். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த அம்மா, மாண்டிசோரி அம்மையாரைப் பற்றி அடிக்கடி சொல்வார். 1939இல் இந்தியாவுக்கு வந்து, சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, பிள்ளையை விரலால் தடவச் சொல்லும் முறை அவருடையது. எழுதுகோலைப் பிடிக்கும் முன்பே எழுத்தின் போக்கு விரலுக்குப் பழகிவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் ஓலையும் எழுத்தாணியும் கையில் வரும் முன் மணலில் விரலால்தான் எழுதிப் பழகினார்கள். ஆகவே எங்கள் பள்ளியில் உப்புத்தாள் இல்லை என்று நான் கவலைப்படவில்லை. வைப்பாற்று மணல் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. கரிசல் மண் விரலில் ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும். எழுதுவதற்கு ஆற்று மணல்தான் லாயக்கு.

மணலுக்கு அடுத்தது புளியமுத்து. தரையில் சாக்கட்டியால் பெரிதாக ஓர் எழுத்து போடுவேன். அந்தக் கோட்டின் மேலேயே பிள்ளைகள் முத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அந்த அடுக்கலிலேயே பழகிவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு முத்தை எடுத்து வைப்பதும் பலப்பத்தைப் பிடிப்பதும் ஒரே வேலை. எழுதத் தெரியவில்லை என்று ஒரு பிள்ளையைக் கொண்டு வந்து விட்டால் நான் முதலில் அதன் விரலைத்தான் பார்ப்பேன். களிமண் பிசைந்து, காகிதம் கிழித்து, முத்து பொறுக்கிப் பழகாத கை எழுத்துக்கு இன்னும் தயாராகவில்லை. அந்தக் கையைக் கோட்டுக்குள் எழுது என்று நெருக்குவதில் பயனில்லை.

எந்த எழுத்தில் தொடங்குவது என்பதில் ஊருக்கும் எனக்கும் நீண்ட நாள் வழக்கு இருந்தது. ஆனா, ஆவன்னா என்று தொடங்குவதுதான் படிப்பு என்று பெற்றோர்கள் நினைத்தார்கள். வாயால் சொல்வதற்கு அந்த வரிசை சரி. நானும் பாட்டாகச் சொல்ல வைப்பேன். எழுதுவதற்கு ‘அ’ மிகக் கடினம். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுக்கைக்கோடு, ஒரு நிமிர்ந்த கோடு என்று நான்கு வேலைகளை அது ஒரேயடியாகக் கேட்கிறது. ‘ட’ அப்படி இல்லை. மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு, முடிந்தது. அதையே இன்னொரு கோடாக மேலே ஏற்றினால் ‘ப’. உள்ளே வளைத்துத் திருப்பினால் ‘ம’. இந்த மூன்றும் கைக்கு வந்து, புள்ளி வைக்கவும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம் என்று மூன்று சொற்கள் கிடைத்துவிடும். பள்ளிக்கு வந்த சில வாரங்களிலேயே பிள்ளை ஒரு முழுச் சொல்லை எழுதி, அதை வாசித்து, அதன் படத்தையும் பக்கத்தில் வரைந்துவிடும். 247 எழுத்துகளையும் முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருந்தால் பாதிப் பிள்ளைகள் அதற்குள் ஆடு மேய்க்கப் போய்விடுவார்கள். இது எங்கள் ஊரில் நான் கண்ணால் பார்த்த உண்மை.

ஆனாலும் பிள்ளைகள் முதலில் எழுத விரும்பியது தங்கள் பெயரைத்தான். பழனிக்கு முதல் மாதமே ‘ழ’ வேண்டும். முத்துமாரிக்குக் கொக்கியும் வேண்டும், காலும் வேண்டும். பாடத்தில் அது எப்போது வருமோ தெரியாது. கேட்ட அன்றே எழுதிக் கொடுத்துவிடுவேன். ஆசைப்பட்டுக் கேட்கும் எழுத்து எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும்.

எங்கள் ஊரின் பெரும்பாலான வீடுகளில் தீப்பெட்டி வேலை நடந்தது. பெரியவர்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவார்கள். வீட்டில் இருப்பவர்கள் பெட்டி ஒட்டுவார்கள். அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் தனித்தனி. மெல்லிய மரத்தகட்டை மடித்து, நீலக் காகிதத்தைச் சுற்றிப் பசை தடவி ஒட்ட வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்க அந்தப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆறு வயதுப் பிள்ளையும் உட்கார்ந்து ஒட்டும். காலையில் நகக்கண்ணில் காய்ந்த பசையோடு வகுப்புக்கு வந்து, பத்து மணிக்கெல்லாம் சுவரில் சாய்ந்து தூங்கிவிடும். நான் எழுப்ப மாட்டேன். எழுந்த பிறகு பலப்பத்தைக் கையில் கொடுத்தால் அந்த விரல்கள் சட்டென்று எழுத்தைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கும். அந்தப் பழக்கம் எதனால் வந்தது என்று எனக்குத் தெரியுமே.

தீப்பெட்டிப் படங்களைச் சேர்ப்பதில் பிள்ளைகளுக்குப் பெரிய போட்டி. மயில், மான், கப்பல், விளக்கு என்று கத்தை கத்தையாக வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் படம் போட்ட புத்தகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதனால் அந்தப் படங்களையே பழைய நோட்டில் ஒட்டச் சொல்லி, ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதச் சொன்னேன். ஊரே சேர்ந்து செய்த அகராதி அது. ‘கப்பல்’ எழுதக் கற்றுக்கொண்ட எவரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி. பேச்சு குறைவு, எழுத்து அழகு. அவள் வீட்டுக்குப் பெட்டி எடுக்க வருகிறவர் ஒரு சின்ன நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டு போவார். சனிக்கிழமை கூலி. கணக்கில் குறைகிறது என்று அவளுடைய அம்மாவுக்கு ஒவ்வொரு வாரமும் தோன்றும். எதைக் காட்டிக் கேட்பது? ஒரு சனிக்கிழமை காலையில் அந்த அம்மா முந்தானைக்குள் சிலேட்டை மறைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார்.

“டீச்சரம்மா, இவ கரியால சுவத்துல என்னமோ எழுதிட்டே இருந்தா. என்னடீன்னு கேட்டா நம்ம கணக்குங்கிறா. அதைத்தான் இதுல எழுதச் சொல்லிக் கொண்டாந்தேன். சரியான்னு பாருங்க.”

சிலேட்டில் தி, செ, பு, வி, வெ என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். கிழமையின் முதல் எழுத்தை மட்டும் போட்டுக் கணக்கு எழுதலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முழுப் பெயர் எழுத இடம் போதாது என்று அவளே கண்டுபிடித்த வழி. “எல்லாம் சரியா இருக்கு தாயி” என்றேன். அன்று சாயங்காலம் அந்த அம்மா சிலேட்டைத் திண்ணையில் வைத்துக்கொண்டுதான் கூலிக்கு உட்கார்ந்தார். கணக்கு முழுசாக வந்தது என்று திங்கட்கிழமை அந்தச் சிறுமி சொன்னாள். அப்புறம் அந்தத் தெருவின் சுவர்களில் எல்லாம் கரி எழுத்து முளைத்தது.

அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். விடிவதற்கு முன் வரும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் அவளையும் ஏற்றிக்கொண்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இதெல்லாம் நடந்து முடியும்போது அவள் பள்ளிக்கூட வயதைத் தாண்டியிருந்தாள். எழுதக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இருந்தாலும் அந்தச் சிலேட்டை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

எழுத்துச் சீர்திருத்தத்தால் வந்த ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். பெரியார் ‘குடிஅரசு’ இதழில் 1935 முதலே பயன்படுத்திவந்த எழுத்து வடிவங்களில் சிலவற்றை 1978இல் அரசு ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உட்பட மொத்தம் 13 எழுத்துகள் மாறின. நான் படித்தது பழைய வடிவத்தில். சொல்லிக் கொடுத்தது புதியதில். இவற்றில் உள்ள ஐகார எழுத்துகளுக்கு முன்பெல்லாம் மேலே வளைந்து ஒரு தும்பிக்கை இருக்கும். ஒரு நாள் ஒரு தாத்தா பேரனின் சிலேட்டோடு வந்து நின்றார். “டீச்சரம்மா, யானைன்னு எழுதிருக்கான், தும்பிக்கையக் காணோம். நீங்க பார்க்கலையா?” என்றார். அவர் திண்ணையில் உட்கார்ந்து பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கும் மனிதர். மாற்றத்தை விளக்கினேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “அப்ப எனக்கும் புதுசா எழுதிக் காட்டுங்க. வீட்டுல ஒண்ணு பள்ளிக்கூடத்துல ஒண்ணுன்னா புள்ள குழம்பிருவான்” என்றார். சம்மணமிட்டு உட்கார்ந்து அந்த 13 எழுத்துகளையும் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்துவிட்டுத்தான் போனார். புதிய எழுத்துகள் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டிய விதிவிலக்குகள் அத்தனை குறைந்தன.

அவரைப் போலவே இன்னொரு பாட்டி. அவருடைய பேத்தி இடது கையால் எழுதுவாள். “பீச்சாங்கையால சரஸ்வதிய எழுதலாமா? ரெண்டு போடுங்க, மாத்திருவா” என்பார். அந்தக் காலத்தில் இடது கையைக் கட்டிப்போட்ட பள்ளிகளும் உண்டு. நான் உடன்படவில்லை. சோறு சோத்தாங்கையால் சாப்பிடட்டும், எழுத்து அவள் கைக்கு எப்படி வருகிறதோ அப்படியே வரட்டும் என்று பாட்டியிடம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். அவள் எழுதினால் கை எழுத்தை மறைத்துக்கொண்டே போகும். சிலேட்டைக் கொஞ்சம் சாய்த்து வைக்கப் பழக்கியதும் சரியாகிவிட்டது. சில பிள்ளைகள் ‘ட’வைக் கண்ணாடியில் பார்ப்பதைப்போல் திருப்பி எழுதுவார்கள். ஐந்தாறு வயதில் அது சாதாரணம். திட்டாமல் கூடவே உட்கார்ந்து எழுதினால் தானாகப் போய்விடும்.

ஒன்றை மட்டும் நான் எந்தக் காலத்திலும் செய்ததில்லை. தப்புச் செய்த பிள்ளையைப் பத்துத் தரம் எழுது, நூறு தரம் எழுது என்று இம்போசிஷன் கொடுத்ததில்லை. தண்டனையாகக் கையில் வந்த எழுத்தை எந்தப் பிள்ளை விரும்பும்?

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டாம் வகுப்பினர் ஆளுக்கு ஒரு வரி சொந்தமாக எழுத வேண்டும். பார்த்து எழுதக்கூடாது, நானும் சொல்ல மாட்டேன். நேற்று என்ன நடந்தது, வரும் வழியில் என்ன பார்த்தாய், எது வேண்டுமானாலும். ‘எங்க ஆத்தா எனக்கு கம்மங்கூழ் குடுத்துச்சு.’ ‘நாய் என்ன தொரத்துச்சு.’ ஒருமுறை பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி இந்தச் சிலேட்டுகளைக் கையில் எடுத்து, “இது என்ன தமிழ், டீச்சர்?” என்றார். “சார், இதில் ஒரு வரிகூடப் பார்த்து எழுதினது இல்லை. அவங்க பேசறதை அவங்களே எழுதியிருக்காங்க. புத்தகத் தமிழ் மூணாம் வகுப்பில் வந்துவிடும்” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மிச்சமிருந்த சிலேட்டுகளையும் ஒவ்வொன்றாக வாங்கிப் படித்தார். நாய் துரத்திய பையனைக் கூப்பிட்டு, கடித்துவிட்டதா என்று கேட்டார். “இல்ல சார், நான் மரத்துல ஏறிட்டேன்” என்றான். “அதையும் எழுது” என்றார்.

சர்வீசின் கடைசிப் பகுதியில் செயல்வழிக் கற்றல் வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்த முறை. பாடம் முழுவதும் அட்டைகளாகவும் ஏணிப்படியாகவும் மாறியது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அவரவர் வேகத்தில் படித்தார்கள். அதில் நான் மிகவும் விரும்பியது, சுவரின் கீழ்ப்பகுதியில் சுற்றிலும் அடித்திருந்த கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம், அதன் மேல் அவர்கள் பெயர். அதுவரை கரும்பலகை டீச்சருடைய சொத்தாக இருந்தது. நின்ற இடத்தில் தோளை வீசிப் பெரிதாக எழுதும்போது பிள்ளைகள் முகத்தில் தெரிந்த தெளிவைச் சிலேட்டுக் காலத்தில் நான் பார்த்ததில்லை. அட்டைகளில் சொந்த வரிக்கு இடம் குறைவு. அதனால் மதிய வழக்கத்தை நான் விடவில்லை. சிலேட்டிலிருந்து அந்தக் கட்டங்களுக்கு மாற்றிக்கொண்டேன்.

ஓய்வு பெற்று வந்த சில ஆண்டுகளில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் வகுப்பறையைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்தார்கள். செல்போன் திரையை வேகமாகத் தள்ளத் தெரிந்த விரலுக்குப் பென்சில் பிடிக்கத் தெரியவில்லை. எங்கள் தெருவில் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்ட மையத்தை நடத்திய பெண் கல்லூரி முடித்தவள். துடிப்பானவள். என் வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு. அவள் வாங்கி வந்த இரட்டைக்கோடு நோட்டுகளை அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு, முதல் இரண்டு வாரம் புளியமுத்தைக் கொடுத்தேன். “எட்டு வயசுப் பையனுக்குமா அத்தை?” என்று கேட்டாள். எட்டு வயதுக் கையும் அதே கைதான் என்றேன்.

இப்போது பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவது நல்ல முறை. சாயங்காலம் இன்றைக்கும் நாலைந்து பிள்ளைகள் என் திண்ணைக்கு வருகிறார்கள். அந்தப் பெண்ணும் வேலை முடிந்து வந்தால் கூட உட்காருவாள். நேற்று ஒரு பையன் நோட்டில் ‘எங்க ஆடு குட்டி போட்டுச்சு’ என்று எழுதியிருந்தான். அவள் சிவப்புப் பேனாவை எடுத்து, “எங்கள் ஆடு குட்டி ஈன்றதுன்னு எழுதணும், இல்லையா அத்தை?” என்றாள்.

“எழுதலாம்மா, அடுத்த வருஷம். இப்ப எத்தனை குட்டின்னு கேளு.”

கேட்டாள். அவன் விரலைக் காட்டாமல் நோட்டை இழுத்து, ‘ரெண்டு. ஒன்னு கருப்பு. ஒன்னு’ வரை எழுதிவிட்டு நிமிர்ந்தான்.

“பாட்டி, செவலைக்கு எந்த ல?”